கிளெனிஸின் கடைசி ஆணி

ஓமரு ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கிளெனிஸின் பெயர், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் பௌல்ஸ் கிளப்பின் சவால் பலகையில் ஒன்பது வருடமாகக் கடைசி ஆணியில்தான் தொங்குகிறது. மேல் ஆணிக்காரரைச் சவாலுக்கு அழைத்து ஜெயித்தால் அந்த ஆணி நமக்கு. அவளுக்கு மேலே ராஸ்.

ஒரு சனிக்கிழமை அவள் அவனைச் சவாலுக்கு அழைத்தாள். கடைசிச் சுற்றில் இருவரும் சமம்; இலக்குப் பந்துக்கு மிக அருகில் நின்றது அவள் பந்து. ராஸிடம் கடைசிப் பந்து. எங்கள் பந்துகள், சின்ன வட்டம் போட்ட பக்கமாகத்தான் வளைந்து ஓடும். ராஸ் வட்டத்தை மறுபக்கம் வைத்து உருட்டிவிட்டான். பந்து பக்கத்து ஆட்டக்காரர்களின் காலடிக்குப் போனது. நாங்கள் கிளெனிஸுக்குக் கைதட்டினோம்.

அவளோ கொதித்தாள். "முப்பது வருஷமா ஆடுறவன் பக்கம் மாத்திப் பிடிப்பானா? எனக்குப் பிச்சை போடுறியா, ராஸ்?"

"சத்தியமா கவனிக்கலை, கிளென்."

"புளுகாத. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆடுறோம்."

பெயரை அவள் மாற்றி மாட்டவே இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் சமம். இம்முறை இலக்குக்கு அருகில் ராஸின் பந்து, கடைசிப் பந்து அவளிடம். உருட்டினாள். பந்து தப்பான பக்கம் வளைந்து, பக்கத்து ஆட்டத்துக்குள் போய் நின்றது.

"எனக்கா பிச்சை போடுற?" என்றான் ராஸ்.

கிளெனிஸ் பந்தையே பார்த்தாள். "சத்தியமா கவனிக்கலைடா."