மூன்று பேர் தூக்கிய பாடை

எழுபதுகளில், இடுக்கி மலையில் நாங்கள் வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒட்டுச் சுவர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் ஒருவன் மட்டும் வேலைக்குப் போனான். என் பக்கத்து அறைக்காரன். நடுவில் ஒரு சுவர்தான். அவன் மனைவி இருமினால் எங்கள் அடுப்படியில் கேட்கும். வேலைக்கு வந்தால் அவளுக்கு ஊசி மருந்து உண்டு என்று கங்காணி ஆசை காட்டியிருந்தான். எங்கள் வீடுகளில் மட்டும் நோயாளிகள் இல்லையா? நாங்கள் போகவில்லையே!

சங்கம் கூடி முடிவெடுத்தது. கருங்காலி வீட்டோடு பேச்சு இல்லை. அடுப்புக்குத் தீ இல்லை, பைப்பில் தண்ணீர் இல்லை, கடையில் அரிசி இல்லை. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த வேலைநிறுத்தம் நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன். ஒருவன் உள்ளே நுழைந்தால் அத்தனை பேர் பட்டினியும் வீண். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்த வந்த உபதேசியார்கூட, அயலானை நேசிப்பது பற்றி வாய் திறக்காமல் பழைய ஏற்பாட்டு வெள்ளம், பேழை என்று பேசிவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவிக்கு மட்டும் இது தலையில் ஏறவில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் போட்டு, முந்தானையால் மூடிக்கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நமக்கே அரைவயிறு. சங்கத்துக்குத் தெரிஞ்சா நம்மளையும்லா தள்ளி வைப்பாங்க?"

"நீங்க சங்கத்துக்காரரா இருங்க. நான் வேதக்காரியா இருந்துட்டுப் போறேன்."

"வேதம் பேசுனா வயிறு நெறையுமா?"

"ஒங்க பங்க எடுக்கலியே. என் பங்கத்தான குடுக்கேன்."

அதிலிருந்து தினமும் அவள் பங்கில் பாதி அங்கே போனது. மீதியைத் தின்று, பாலில்லாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். கங்காணி சொன்ன ஊசியும் ஒரு தடவை போட்டதோடு சரி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சுவருக்கு அந்தப்பக்கம் இருமல் நின்றிருந்தது. வெகுநேரம் கழித்து அவன் முற்றத்தில் வந்து நின்றான். யாரையும் கூப்பிடவில்லை. ஓடைப்பக்கம் போய் மூங்கில் வெட்டிவந்து, நனைந்துகொண்டே தானே பாடை கட்டினான். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பாடைக்கு நான்கு முனை, அவன் ஒற்றை ஆள். அவளைக் கொண்டுவந்து கிடத்திவிட்டு, மத்தியானம் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகினாள். எங்களில் பெண்கள் பிணத்தின் பின்னால் போவதே கிடையாது.

"நான் போய்த் தூக்கப்போறேன். வாறியளா?"

"நாளைக்கு நாம செத்தா யாருட்டி தூக்குவா?"

"அத நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

திட்டிக்கொண்டேதான் அவள் பின்னால் போனேன். அன்பு, இரக்கம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை. என் பெண்டாட்டி பாடை தூக்க, நான் வீட்டுக்குள் இருந்தேன் என்று நாலுபேர் பேசக்கூடாது, அவ்வளவுதான். பைப்படியில் நின்ற சங்கச் செயலாளர் எங்களைப் பார்த்தார். அன்றிலிருந்து எங்களோடும் பேச்சு நின்றது. அது கிடக்கட்டும்.

முன்பக்கத்து இரண்டு முனைகளையும் அவனே பிடித்துக்கொண்டான். பின்னால் ஆளுக்கொரு முனையாக நானும் என் மனைவியும். ஏற்றமான பாதை, வழுக்கல் வேறு. மூன்று பேரால் ஆகிற காரியமா என்று நினைத்தேன். தேயிலை மூட்டை சுமந்து பழகியவன் நான். அதே போல் காலை ஊன்றி, தம் கட்டித் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் தடுமாறி விழப் பார்த்தேன். கனமே இல்லை. ஈர மூங்கில்தான் தோளில் அழுத்தியது.

பக்கத்தில் வந்துகொண்டிருந்த என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, இவ்வளவுதான் இருந்தாளா?"

என் பங்கிலிருந்து ஒரு துண்டுக் கிழங்குகூட அந்த வாசலுக்குப் போனதில்லை. மேட்டில் குழியை நானே தோண்டி, நானே மூடினேன்.