ஒன்றை அழிக்கப் பத்துத் தலைப்புகள்

எங்கள் பள்ளியில் ஒரு மரக்கன்றை மூன்று முறை நட்டார்கள். முதல் முறை தலைமையாசிரியரின் முகத்தில் நிழல் விழுந்துவிட்டது. இரண்டாம் முறை மண் தள்ளிய மாணவனின் முதுகு மறைத்தது. மூன்றாம் முறை சரியாக வந்தது. படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போன பிறகு கன்று இருந்த பக்கம் யாரும் திரும்பவில்லை. ஒரு வாரத்தில் அது காய்ந்தது. காய்ந்த கன்றின் படம் எவரிடமும் இல்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அது. நான் அங்கே தமிழாசிரியர். மற்றவர்களைப் பிள்ளைகள் ‘சார்’ என்பார்கள், என்னை மட்டும் ‘ஐயா’. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். அடுத்தவர் எழுதிய செய்தியைக் குறைப்பதும் தலைப்புப் போடுவதும் வேலை. செய்தி எழுதத் தெரியாதவர்கள் தலைப்பில் கெட்டிக்காரர்களாக இருப்பதுண்டு. நான் அந்த ரகம்.

எங்கள் அறிவியல் ஆசிரியருக்குச் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் உண்டு. பள்ளிக்கு வரும்போது சாக்பீஸ் மறப்பார், கைப்பேசித் தாங்கியை மறக்கமாட்டார். அவர் கையைத் தாழ்த்தினால் வகுப்பு கைதட்டும், அதற்குப் பழக்கியிருந்தார். நுரையீரல் பாடம் பாட்டிலுக்குள் பலூன் விரிந்ததோடு முடிந்தது. பலூனைப் பிடித்திருந்தவன் வகுப்பில் பல்வரிசை நன்றாக இருந்தவன். நுரையீரல் எதற்கென்று அவனைக் கேட்டேன். “வீடியோவுக்கு, ஐயா” என்றான். கிண்டலா, உண்மையாகவே சொன்னானா என்று இன்றுவரை தெரியவில்லை.

இதையெல்லாம் ஓரமாக உட்கார்ந்து இகழ்ந்துகொண்டிருந்தேன். இகழ்வது சுகமான வேலை. கையில் அழுக்குப் படாது என்று நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம் அவர் ஒரு யோசனையோடு வந்தார். சரியாக வாசிக்க வராத ஒரு பிள்ளையை இப்போது வாசிக்கச் சொல்லி எடுப்பது, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்பது. இரண்டையும் ஒட்டினால் ஆசிரியரின் பெருமை தெரியும். “பிஃபோர், ஆஃப்டர், ஐயா” என்றார். மெலிந்தவர் குண்டாகும் மருந்து விளம்பரம் போலத்தான் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணைச் சுவரில் வரைந்த இந்திய வரைபடத்தின் முன் நிறுத்தி, ஆபீசுக்கு அனுப்பத்தான் என்று சொல்லி, எடுத்தும்விட்டார்.

ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

“ஐயா, மேல ஒரு லைன் போட்டுக் குடுங்க. நான் எழுதனது சப்புனு இருக்குது.”

அவர் எழுதியிருந்தது: ‘மெல்லக் கற்கும் மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்தும் முயற்சியின் முதற்கட்டம்.’

“இத எவன் படிப்பான்?” என்றேன்.

அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘ஒன்பது வருடம் பள்ளியில், ஒரு வரி வாசிக்கத் தெரியவில்லை.’

“ஐயா, நீங்க பேப்பர்லயே இருந்திருக்கணும்!”

அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்தது. நான் வீடியோவை ஓட்டிப் பார்க்கவில்லை. ஓடாமல் நின்றிருந்த படத்தில் ஒரு பெண் புத்தகத்தில் விரல் வைத்திருப்பது தெரிந்தது, அவ்வளவுதான். முகத்தைக் கவனித்திருந்தால் அவள் என் வகுப்புப் பெண் என்று தெரிந்திருக்கும். செய்திப் பிரிவில் அப்படித்தான் பழக்கம். படம் வேறொருவர் பொறுப்பு, எழுத்து என் பொறுப்பு. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அவள் வாசிக்கிறாள். திக்கித் திக்கி, எழுத்துக் கூட்டி, ஆனால் வாசிக்கிறாள். என் தலைப்பு பொய். அவருடைய சப்பென்ற வரி உண்மை. அந்த வரியை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், அவளும் தப்பித்திருப்பாள்.

மறுநாள் திருவண்ணாமலை ஊர்ச் செய்திகள் போடும் ஒரு பக்கம் அதை எடுத்துப் போட்டது, தலைப்பு மாறாமல். கீழே கருத்துச் சொன்னவர்களின் தரம் வழக்கம்போல. தமிழ் அழிகிறது என்று அழுதவர் அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பிழை விட்டிருந்தார். ‘எங்க காலத்துல’ என்று தொடங்கியவர்கள் பலர். ஒருவர் ‘பாவம் அந்தப் பெண், முகத்தைக் காட்டியிருக்கக் கூடாது’ என்று எழுதினார். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த முகத்தை அனுப்பியவரும் அவர்தான்.

பத்திரிகையும் யோக்கியமான இடமல்ல. ஆனால் அங்கே ஒரு மாடிப்படி இருந்தது. தவறாக எழுதினால் மறுநாள் காலை அந்த ஆள் படியேறி வருவார். கத்துவார், சிலர் அழுவார்கள். அந்தக் காலடிச் சத்தத்துக்குப் பயந்தே பல தலைப்புகளை நாங்கள் மாற்றியதுண்டு. கைப்பேசிக்குப் படி கிடையாது. படியேறி வர வழியில்லாதவர்களைப் பற்றித்தான் எல்லாரும் தைரியமாக எழுதுகிறார்கள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அடுத்த திங்கள், அறிவியல் ஆசிரியரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வாசலில் அம்மாவும் பெண்ணும் வேர்க்கடலை, அந்தப் பக்கத்தில் அது மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆசிரியர் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். மணி பார்க்கத்தான் எடுத்தார் என்று பின்னால் சொன்னார்.

“அத்த உள்ள வைங்க சார்” என்றார் அம்மா. “ஒருவாட்டி புடிச்சது போதும்.”

“இல்லம்மா, பாத்தவங்க எல்லாம் நல்லவிதமாதான் சொல்லியிருக்காங்க...”

“அப்படிங்களா? தெருவுல ‘ஏய் ஒரு வரி, ஒரு வரி’னு கூப்புடறானுங்களே, அவனுங்களும் நல்லவிதமாதான் கூப்புடறானுங்களா? கடைக்கி அனுப்பினா அழுதுக்கினு வருது. உங்க பொண்ண இப்படிப் புடிச்சிப் போடுவீங்களா சார்?”

“எங்க பொண்ணு நல்லா படிக்கும்மா.”

யோசிக்காமல்தான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு உண்மையாக இருந்தது. அம்மா உட்கார்ந்து, மறுபடி உரிக்கத் தொடங்கினார். பிறகு என்னிடம் மட்டும் பேசினார்.

“பத்தாவது முடிச்சா போதும்னு இருந்தேன் ஐயா. வயசு வந்தா ஷூ கம்பெனி வேன்ல ஏத்தி வுடலாம். கம்பெனிக்காரன் பத்தாவதுதான் மொதல்ல கேக்கறான். எனக்கு அது இல்லாம இந்த மல்லாட்டகொல்லையிலயே போச்சி. இப்ப இதுவும் வரமாட்டேன்னு உக்காந்துகீது. நான் இன்னா பண்றது, சொல்லுங்க.”

பெண் தலை நிமிராமல் கேட்டாள். “மேல எழுதனது யாரு?”

ஆசிரியர் என்னைப் பார்த்தார். என்னைப் பாராட்டியபோது இருந்த தாராளம் இப்போதும் அவரிடம் இருந்தது.

“நான்தாம்மா” என்றேன்.

“நீங்களா ஐயா?” உரிப்பதை நிறுத்தினாள். “அம்மாதான் இன்னா எழுதிகீதுன்னு கேட்டுச்சி. அதுக்குப் படிக்கத் தெரியாது. நாந்தான் படிச்சிக் காட்டினேன். ஒரு வரி தெரியாதுன்னு எழுதியிருக்கிற வரிய நாந்தான் ஐயா படிச்சேன். ரெண்டு வாட்டி.”

இதற்குப் பதில் எழுதத் தெரிந்தவர்கள் என்னைவிட மோசமானவர்கள்.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆசிரியர் தன் பதிவை அங்கேயே அழித்தார். அழிக்கும்போது அவர் முகத்தில் இருந்த துக்கத்தை, அந்தப் பெண்ணுக்காக அவர் ஒருநாளும் காட்டியதில்லை. அவளுக்கு அது போதவில்லை. “ஊர் நியூஸ் பேஜ்ல கீதே, அதத்தான் எல்லாம் பாக்கறாங்க. அது போனா வரேன்” என்றாள்.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்குச் செங்கம் சாலையில், ரமணாசிரமம் தாண்டி ஒரு ஜூஸ் கடை. மாடியில் வாடகை அறைகள். மௌனம் தேடி வந்த வெள்ளைக்காரர்கள் கடையில் உட்கார்ந்து அதைப் பற்றிக் கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு குறுஞ்செய்திக்குப் பதில் வராததால் நேரில் போனேன். படியேறிப் போகிற முறை இப்போது என்னுடையது.

“டெலிட்டா? இன்னா வாத்தியாரே, நல்லா ஓடிக்கினு இருக்கறத எவனாவது எடுப்பானா?” என்றார். கெட்டவராகத் தெரியவில்லை. எனக்குச் சர்க்கரை கம்மியாக ஒரு சாத்துக்குடி ஜூஸ் கொடுத்தார். “வீடியோல ஒன்னும் இல்ல சார். அந்தத் தலைப்பு கீது பாருங்க, அதுக்குதான் கூட்டம். எவனோ வெவரமானவன் எழுதியிருக்கான்.”

“நான்தான் எழுதினேன்.”

கையிலிருந்த கரண்டியை வைத்தார். “சும்மா சொல்லாதீங்க.”

பத்திரிகையில் இருந்ததைச் சொன்னேன். அழிக்கச் சொல்லிக் கேட்க வந்த ஒருவரை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“அப்ப ஒன்னு பண்ணலாம். எனக்குப் பத்துத் தலைப்பு எழுதிக்குடுங்க. நான் இந்த ஒன்ன எடுத்துடறேன்.”

“மொதல்ல எடுங்க.”

“அஞ்சு எழுதுங்க, எடுக்கறேன். மிச்சம் அஞ்சு உங்க மனசாட்சிக்கு.”

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. அவர் செய்திகளை அனுப்பினார், நான் தலைப்பு எழுதினேன். முதலாவது, ‘வேங்கிக்காலில் ஆட்டோவில் விட்ட பை உரியவரிடம் சேர்ந்தது.’ உடனே அழைப்பு வந்தது.

“இன்னா வாத்தியாரே, பை கெடச்சிடுச்சின்னு மேலயே சொல்லிட்டா உள்ள எவன் வருவான்?”

“உள்ள ஒன்னும் இல்லையே.”

“பைல இன்னா இருந்துச்சின்னு கேக்கற மாதிரி வுடணும் சார்!”

“என்ன இருந்தது?”

“டிபன் டப்பா. ஒரு கொடை.”

“அதையும் சேர்த்துடறேன்.”

“ஐயோ, வேணாம் சார்!”

அப்படியே போட்டார். ஏழு பேர் லைக் போட்டார்கள். அதில் ஒருவர் ஆட்டோக்காரர். அடுத்த நான்கும் அதே ரகம். எந்தத் தலைப்பிலும் முகம் இல்லை, கேள்விக்குறி இல்லை, உள்ளே வந்தால்தான் தெரியும் என்கிற மிரட்டல் இல்லை. ஐந்து முடிந்ததும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கடைக்கு வரச் சொல்லி, என் கண் முன்னாலேயே வீடியோவை நீக்கினார். நீக்கிய பிறகும் அது யாருடைய கைப்பேசியிலோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் போய்ச் சொன்னபோது அதை மறைக்கவும் இல்லை.

மீதி ஐந்தில் நான்கை நேர்மையாக எழுதினேன். கடைசி ஒன்றுக்கு அவர் கெஞ்சினார். பௌர்ணமி அன்று அவர் கடையில் இலவச மோர். ‘செங்கம் சாலையில் இந்தக் கடை முன் இன்று இவ்வளவு கூட்டம் ஏன்?’ என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது அங்கே கூட்டமே இல்லை. தலைப்பு போன பிறகு வந்தது. அரை நிமிட வேலை. எத்தனை ஆண்டு பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தாலும் அந்தக் கை அப்படியேதான் இருக்கிறது. யாருக்கும் கெடுதல் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீ குடித்துக்கொண்டு எழுதிய அன்றும் அப்படித்தான் நினைத்திருப்பேன், நினைத்துப் பார்த்திருந்தால்.

இப்போது எனக்கு ஒரே ஒரு விதி. படத்தில் இருப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவரிடம் அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுப் போட முடியுமா? முடியாதென்றால் போடாதே. இதை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். நல்ல கருத்து என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நான் சொல்வதை ஒருவர் படம் எடுத்துக் குழுவில் போட்டார். இருபத்திரண்டு கும்பிடு வந்தது.

பௌர்ணமிக்கு மறுவாரம் புதன்கிழமை அவள் வந்தாள். அறிவியல் ஆசிரியர் வராந்தாவில் என்னைப் பிடித்தார்.

“ஐயா, ‘மீண்டும் வகுப்பறையில்’னு சின்னதா ஒன்னு போட்டா பாசிட்டிவா இருக்கும். முகம் காட்டாம.”

“அவ அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க. நேர்ல போயி.”

இன்றுவரை அவர் போகவில்லை.

மூன்றாம் பாடவேளை என்னுடையது. செய்யுளை வரிசையாக ஆளுக்கு இரண்டடி வாசித்து வந்தார்கள். அவள் முறை வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து முதலில் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என் சட்டைப் பையை. பை காலி, கைப்பேசி ஆசிரியர் அறையில் இருந்தது. புத்தகத்தில் விரல் வைத்தாள். உதடு அசைந்தது. முதல் சொல்லை அவள் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

“இன்னிக்கு வேணாம் ஐயா” என்றாள்.

“சரிம்மா, உட்காரு.”

அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.