மாலுமிகள் சாமான் பட்டியல்

என் அம்மா அம்சவல்லிக்கு ஒரகடத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டின் கிளை ஆபீசில் வேலை. கப்பல் துறைமுகம் சேருமுன், மாலுமிகள் கொண்டுவரும் சாமான்களைப் பட்டியல் அடித்து கஸ்டம்ஸுக்கு அனுப்புவாள். அப்பா ரகுபதியும் மாலுமி. அவர் ரகசியமாக வாங்கிவரும் சேலை அம்மாவுக்குப் பட்டியலிலேயே முன்பே தெரிந்துவிடும். ஆனாலும் பிரித்ததும் வாயைப் பிளப்பாள்.

"நீ சீரியலுக்குப் போம்மா" என்பேன்.

போன மாதம் நடுக்கடலில் அப்பா நெஞ்சுவலியில் இறந்தார். உடல் விமானத்தில் வந்தது. சாமான்கள் கப்பலிலேயே தங்கிவிட்டன. இன்று அந்தக் கப்பலின் பட்டியல் வந்தது.

"நீ வூட்டுக்குப் போம்மா, வேற ஆள் அடிக்கட்டும்" என்றாராம் மேனேஜர். அம்மாவேதான் அடித்தாள்.

வந்ததும் என்னிடம், "உன் ஸ்கூல் டிராமாவுக்கு உங்கப்பா ஒட்டு மீசை வாங்கி வெச்சிகீறாருடா. குடுத்தா தெரியாத மாதிரி வாங்கிக்கோ" என்றாள்.

சரி என்றேன். யாரிடம் நடிப்பது என்று கேட்கவில்லை.