பிலிம் டப்பாவில் படிகாரம்

படிகாரத்தை நாக்கில் வைத்துப் பார்க்காத சலூன்காரன் இருக்க மாட்டான். முதலில் லேசாக இனிக்கும், பிறகு புளிக்கும், அப்புறம் வாய் முழுவதையும் துவர்ப்பு பிடித்து இழுக்கும். துவர்ப்புக்கு வேலையே சுருக்குவதுதான். பாக்கு, கடுக்காய், பால் விடாத கட்டன் சாயா எல்லாம் இதே ஜாதி. கத்தி பட்ட இடத்தில் படிகாரத்தைத் தேய்த்தால் தோல் சுருங்கி ரத்தம் நின்றுவிடும்.

சாலைக் கடைத்தெருவில் நானும் அக்காள் புருஷனும் சேர்ந்து சலூன் வைத்திருந்தோம். இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு படிகாரக் கல். தொண்ணூறுகளின் கடைசி அது. எய்ட்ஸ் பயம் ஊரைப் பிடித்து ஆட்டியது. ஆளுக்கொரு புது பிளேடு என்று மாறியிருந்தோம். கல்லைப் பற்றி மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான்.

சனிக்கிழமைதோறும் ஒரு லாரி டிரைவர் வருவார். நாகர்கோவில் பக்கத்து ஆள், பம்பாய் வரை ஓட்டுகிறவர். அவர் வந்தால் கடை கலகலக்கும். அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தபோது பாதி ஆளாக இருந்தார். கடைத்தெருவுக்கு அது போதும். லாரி, பம்பாய், மெலிவு மூன்றையும் கூட்டி, இன்ன நோய் என்று முடிவே கட்டிவிட்டார்கள். எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்க ஆளில்லை.

அன்று என் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். தாடையில் இருந்த பருவை பிளேடு தட்டிவிட்டது. ரத்தம் துளிர்த்ததும் கல்லை எடுத்தேன். பெஞ்சில் காத்திருந்த அரிசி மண்டிக்காரர் பேப்பரை மடக்கினார்.

"தம்பி, அதே கல்லைத்தானே பின்ன எனக்கும் தேய்ப்பே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் டிரைவர் என் கையை விலக்கினார்.

"வேண்டாம்டே. அது தானா நிக்கும்."

துண்டால் தாடையை அமுக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. ஒருநாள் தாடியோடு தெருவின் எதிர்ப்பக்கமாக, எங்களைப் பார்க்காதது மாதிரி நடந்து போனார். மற்ற சலூன்களிலும் இதே பேச்சுதான். அவர் இனி எங்கே போய் உட்காருவார்?

"மண்டிக்காரரை வராதேன்னு சொல்லிருவோம் அத்தான்" என்றேன்.

"போடே. அவரு பயந்தது தப்பா? கல்லு ஒண்ணுதானே கெடக்கு."

சொல்லிவிட்டு அத்தான் பக்கத்து போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனார். காலி பிலிம் டப்பாக்களை ஒரு பை நிறைய அள்ளி வந்தார். புதிதாக ஒரு கட்டிப் படிகாரம் வாங்கிச் சுத்தியலால் உடைத்து, டப்பாவுக்கு ஒரு துண்டாகப் போட்டார். மூடிகளில் அக்காளின் நகப்பூச்சால் நம்பர் எழுதினார். முதல் டப்பா மண்டிக்காரருக்கு. அவருக்கு மெடல் வாங்கிய பெருமை! தெரு முழுக்கச் சொல்லி, மற்றவர்களும் தங்கள் டப்பா எங்கே என்று கேட்கும்படி ஆக்கிவிட்டார்.

அடுத்த முறை டிரைவர் எதிர்ப்பக்கம் வந்தபோது அத்தான் வாசலில் நின்று கூவினார்.

"அண்ணாச்சி! ஒம்ம டப்பா இங்க தூசி பிடிச்சுக் கெடக்கு. வச்சிருக்கவா, தூரப் போடவா?"

என்ன டப்பா என்று தெரியாமல் தெருவைத் தாண்டி வந்தார். அலமாரியில் வரிசையாக இருந்தவற்றைக் காட்டி விஷயத்தைச் சொன்னோம்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். மண்டிக்காரர் ஒண்ணாம் நம்பர், நீரு ரெண்டு."

மண்டிக்காரர் பெஞ்சில்தான் இருந்தார். பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அவ்வளவு கவனமாக நான் யாருக்கும் முகம் மழித்ததில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. துணியை உதறினேன். டிரைவர் எழுந்திருக்கவில்லை.

"என் டப்பாவ எடு" என்றார், பெஞ்சு வரை கேட்கும்படி.

"ரத்தமே வரலியே அண்ணாச்சி."

"வராட்டி என்னடே? எடு."

இரண்டாம் நம்பர் டப்பாவைத் திறந்து, படிகாரத் துண்டைத் தண்ணீரில் நனைத்து முகம் முழுக்கத் தேய்த்தேன். அவர் கண் நிறைந்துவிட்டது. எரிகிறதா என்று கேட்டேன்.

"எரியட்டும்" என்றார். "நல்லாத் தேயி."