கடலுக்கு ஒரு வரப்பு

எங்கள் வலங்கைமான் பக்கத்தில் கல் கிடையாது. வண்டல் பூமி, நாயை விரட்டுவதற்குக்கூட மண்ணாங்கட்டியைத்தான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் அத்தைக்குக் கல்லைப் பார்த்துப் பார்த்து வாங்குவதே வேலையாக அமைந்தது. அப்பாவின் கடைசித் தங்கை அவள். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, அதிராம்பட்டினத்தைத் தாண்டி ஒரு கடற்கரை ஊரில் மீன்பிடித் துறைமுகம் கட்டுகிற இடத்தில் சேர்ந்திருந்தாள்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரர் வீட்டிலிருந்து அவளுக்கு வரன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டில் உடனே சரி என்றார்கள். அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு, அவள் ஃபேன் போட்ட ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக அப்பா தரகரிடம் சொல்லி வைத்திருந்தார்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் அத்தைக்கு அரை நாள் வேலை. கடல் காட்டுகிறேன் என்று சொல்லி, வீட்டில் அத்தனை பிள்ளைகள் இருக்க, என்னைப் பஸ் ஏற்றி அழைத்துப் போனாள். எனக்கு அப்போது எட்டு வயது. என் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் தெருவிலேயே கிடையாது.

அங்கே ஆபீசும் இல்லை, ஃபேனும் இல்லை. தலையில் மஞ்சள் தொப்பியோடு அத்தை வெயிலில் நின்றாள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரி லாரியாகக் கருங்கல் வந்தது. அவள் பார்த்துத் தலையசைத்த பிறகு அதைக் கடலில் கொட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு நல்ல கல் கிடைத்தால் துணி துவைக்கப் பத்திரமாகப் போட்டு வைப்போம். இங்கே அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதது போலக் கடல் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

எதற்கு இப்படி என்று கேட்டேன். "கடலுக்கு வரப்பு போடுறோம்டி" என்றாள். முகத்துவாரத்தில் சேறு சேர்ந்து படகுகள் தட்டி நிற்கின்றன, தண்ணீர் ஏறும்வரை காத்துக் கிடப்பதில் மீன் கெட்டுப்போகிறது, வாங்க வருகிற வியாபாரிகளும் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்றாள். வரப்பு கட்டி உள்ளே ஆழப்படுத்திவிட்டால் பெரிய படகுகள் வரும், ஐஸ் கம்பெனி வரும், இந்தக் கரை முழுக்கப் பிழைப்பு வரும் என்றாள். பிறகு அதெல்லாம் வரத்தான் செய்தது. ஆனால் அன்று எனக்குப் படகைவிட அவள் முகத்தைப் பார்க்கத்தான் சந்தோஷமாக இருந்தது.

அப்போது ஒரு லாரி பொடிக் கல்லாக ஏற்றிக்கொண்டு வந்தது. அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இதை யாரு கேட்டா? இது இங்க நிக்காது. திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றாள். மீசைக்கார டிரைவர் மறுபேச்சில்லாமல் லாரியைத் திருப்பினார். ஊருக்கு வரும் பஸ்ஸில் அதை நான் அப்படியே நடித்துக் காட்டினேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அத்தை கேட்டுக்கொண்டே வந்தாள். மன்னார்குடி வருவதற்குள் எனக்கு நன்றாகப் படிந்துவிட்டது.

மறுநாள் வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்தோம். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, அத்தையின் ஆபீசைப் பார்த்திருக்கிறாயா என்று கொஞ்சலாகக் கேட்டார். அப்பா இருமினார். நான் கூடத்தின் நடுவே போய் நின்றேன். ஆபீசே கிடையாது, வெயில்தான் என்றேன். அத்தை எப்படி விரட்டும் தெரியுமா என்று இடுப்பில் கையை வைத்தேன். எனக்கு நேர் எதிரே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

"இதை யாரு கேட்டா? இது இங்க நிக்காது. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

அவர்கள் காபிக்குக் காத்திருக்கவில்லை.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தரகரைத் தேடி ஓடினார். அத்தை அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அவள் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் துக்கம் பொங்கியது. முதுகைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் திரும்பி என்னை இறுக அணைத்துக்கொண்டு, முன்னைவிட அதிகமாகக் குலுங்கினாள். அழுதால்தான் மனிதர்களுக்குத் தோள் குலுங்கும் என்று அப்போது நான் நினைத்திருந்தேன்.