வாயில் குண்டூசி

தையல்காரம்மாவுக்கு நாய் என்றாலே குலை நடுங்கும். அவள் வீட்டுக்குத்தான், பாலத்தடியில் லாரிகளுக்கு நடுவே தவித்துக்கொண்டிருந்ததென்று ஓர் இளநாயைத் தூக்கிவந்தார் கணவர். நாயா அது, வால் முளைத்த சூறாவளி. கண்டவர் மேலெல்லாம் தாவும். "இறங்கு, இறங்கு" என்று அவர் கத்தித் தள்ளத் தள்ள, விளையாட்டென்று நினைத்து இன்னும் எகிறும்.

அவர் வேலைக்குப் போன ஒரு காலையில் அது தையலறைக்குள் புகுந்தது. அவள் சட்டைத் துணியில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். உதடுகளுக்கிடையே இன்னும் நாலைந்து ஊசிகள். அலறினால் தொண்டைக்குள் போய்விடும். நாயின் முன்னங்கால்கள் நெஞ்சில் விழுந்தபோது கண்ணை இறுக மூடி மரமாக நின்றாள். நாய் மறுபடி தாவிப் பார்த்தது. ஒரு பதிலும் இல்லை. சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டது.

அதன்பின் நாயின் காலடி கேட்டாலே ஊசிகள் வாய்க்குப் போய்விடும், தைக்கத் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"உனக்கு மட்டும் எப்படி அடங்குது? என்ன மந்திரம் போட்ட?" என்றார் கணவர்.

"ம்" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

ஒரு மாலை தெருவில் லாரியொன்று இரைந்துகொண்டு போனது. நாய் பாய்ந்து வந்து அவள் பாதத்தின்மேல் படுத்தது. கால் வெடவெடத்தது. பாழாய்ப்போன கால் தன் பயத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று முழங்காலை அழுத்திப் பிடித்தாள். கால் அசையாமல்தான் இருந்தது. நடுங்கியது நாய்.

ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"உனக்குமாடா?" என்றாள்.