என் நிறத்துக்கு ஒரு புட்டி

சின்ன வயதில் என் முகத்தில் எண்ணெய் வடியும். காலையில் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் முதல் மணி அடிப்பதற்குள் நெற்றியும் மூக்கும் பளபளத்துவிடும். அதோடு நான் வெளுப்பு. நம்மவர்களில் சிலருக்கு இருக்கிற வெளுப்பு இல்லை, சீன வெளுப்பு. நான் சீனப் பிள்ளைதான். தொப்புள்கொடி விழுவதற்கு முன்பே ஒரு சீன வீட்டிலிருந்து என்னை அம்மா தூக்கி வந்துவிட்டாள். கிள்ளானில் அந்தக் காலத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பெண்பிள்ளை போதும் என்று கொடுக்கிற வீடும் இருந்தது, பிள்ளையே இல்லாமல் ஏங்குகிற வீடும் இருந்தது. எனக்கு மொட்டை போட்டு, காது குத்தி, தமிழ்ப் பள்ளியில் சேர்த்து வளர்த்தார்கள். யாரும் இதை என்னிடம் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது. அம்மா நல்ல கறுப்பு. அவள் பக்கத்தில் நான் நின்றால் பார்க்கிறவர்கள் எங்களை மாறி மாறிப் பார்ப்பார்கள். எனக்குக் காது சூடாகிவிடும். எந்த வீடு, எந்த ஊர் என்று மட்டும் அம்மா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எழுபதுகளில், நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி விழாவில் கோலாட்டம் வைத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கப்போவதில்லை என்பது வீட்டில் முடிவாகியிருந்தது. அதனால் அந்த ஆட்டத்தில் எப்படியாவது நின்றுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒத்திகை அன்று டீச்சர் ஒரே டப்பாவிலிருந்து எல்லாருக்கும் மாநிற மேக்கப்பைத் தடவிவிட்டார். மற்றவர்களுக்கு அது முகத்தோடு முகமாகப் போய்விட்டது. எனக்கு முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பாதி ஆட்டத்தில் எண்ணெய் கிளம்பி, பூசினதெல்லாம் திட்டுத் திட்டாக விட்டு, சட்டைக் காலர் வரைக்கும் வழிந்தது.

"டீச்சர், இவள பாருங்க! அவிச்ச முட்டைக்கு மொளகா சம்பல் தடவுன மாதிரி இருக்குலா!" என்று எனக்கு ஜோடியாக ஆடியவள் கத்தினாள். கோல் தட்டுகிற சத்தம் நின்று சிரிப்புச் சத்தம் வந்தது.

டீச்சர் கெட்டவர் இல்லை. அவரும் சிரித்தார், அவ்வளவுதான். "உன் நெறத்துக்கு பவுண்டேசன் கெடச்சா வாங்கிட்டு வா. இல்லாட்டி இந்த வருசம் நீ ஸ்கிரீன் இழுத்து விடு" என்றார்.

அம்மா நாலைந்து வீடுகளில் துணி துவைத்தாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பவுண்டேசன் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத சாமான். நான் அழுததைப் பார்த்த அம்மா, சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்து, அதில் ஒட்டிய எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், துணியில் கறை பார்க்கிறவள் மாதிரி.

முதலில் மளிகைக்கடைப் பவுடர். அரை மணி நேரத்தில் அது புட்டுமாவு மாதிரி உதிரி உதிரியாகத் திரண்டது. அப்புறம் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் கொடுத்த பெடாக் செஜுக். அரிசிமாவைச் சின்னச் சின்ன உருண்டையாகக் காயவைத்திருப்பார்கள். தண்ணீரில் கரைத்துப் பூசினால் முகம் குளிரும், எண்ணெயும் அடங்கும் என்றார் மாக்சிக். அடங்கத்தான் செய்தது. ஆனால் வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று, "ஏன் புள்ள, செவத்துக்கு அடிச்ச சுண்ணாம்புல மிச்சமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தலைநகரில் நம் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் வளையல், பொட்டு, மை விற்கிற கடை ஒன்றில் விசாரித்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, என்கிட்ட இருக்கறதெல்லாம் நம்மள வெள்ளையாக்குற சாமான். இது வெள்ளையாவே வந்துருச்சு, நான் என்ன பண்றது?"

கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டவுனில் இருக்கிற எம்போரியத்துக்குப் போகச் சொல்லி அவரே வழியும் சொன்னார்.

எம்போரியத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தரை முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டாள், கோயிலுக்குள் போவது போல. என்னை மட்டும் கழற்ற வேண்டாம் என்றாள். சப்பாத்து போட்ட நான் முன்னே, வெறுங்காலோடு, என் பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு அம்மா பின்னே. அங்கே வேறு யாரும் வெறுங்காலோடு இல்லை. நான் தரையைப் பார்த்தே நடந்தேன்.

மேக்கப் மேசையில் நின்ற சீனப் பெண் என்னைப் பார்த்ததும் சீனத்தில் என்னவோ கேட்டாள். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அம்மாவிடம் திரும்பி மலாயில், "உன் தவுக்கே பிள்ளையா?" என்று கேட்டாள். உன் முதலாளியின் பிள்ளையா என்று.

அம்மா என்னைப் பார்க்காமல், "ஆமா" என்றாள்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது. அந்தப் பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். பஞ்சால் முகத்தைத் துடைத்து, இந்தத் தோலுக்கு எண்ணெய் கலந்தது கூடாது, தண்ணியாக இருப்பதுதான் நிற்கும் என்றாள். புட்டி புட்டியாகத் திறந்தாள். கையில் போட்டுப் பார்த்தால் நிறம் தெரியாது என்று, தாடை ஓரத்தில் கோடு கோடாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது கோடு போட்டதும் காணாமல் போய்விட்டது. அதுதான் என் நிறம். பெட்டி நசுங்கிய புட்டி ஒன்று இருக்கிறது, குறைத்துத் தருகிறேன் என்று உள்ளே குனிந்து தேடினாள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"தவுக்கே காசு கொடுத்து அனுப்பலையா?"

"அப்புறம் தருவாரு."

அந்தப் பெண் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தாள். "இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கேன். நான் கிள்ளான் பக்கத்து ஆள்தான். எந்த ஊரு உங்க தவுக்கே?"

"ஈப்போ" என்றாள் அம்மா. நாங்கள் போயே பார்த்திராத தூரத்து ஊர் அது. மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டாள். பஸ் நிற்கிற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் ஓடி, ஒரு சந்துக்குள் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறியதும் முந்தானையால் என் தலையை மூடினாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஏம்மா, என்னைய தவுக்கே புள்ளன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னத்த சொன்னேன்? இல்லன்னா அவ இன்னும் நாலு கேள்வி கேப்பா. ஒனக்கு சாமான் கெடச்சிருச்சுல்ல, பேசாம வா."

பேசாமல்தான் வந்தேன். ஒரு புட்டிக்காக என்னைத் தன் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டாள் என்று இருந்தது எனக்கு.

விழா அன்று என் முகத்தில் பூச்சு கடைசிவரை நின்றது. முட்டை சம்பல் என்று சொன்னவளே, "எங்கலா வாங்குன? எனக்கும் கொஞ்சம் குடு" என்று கெஞ்சினாள். மேடையிலிருந்து பார்த்தேன். அப்பா முன்வரிசையில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து நாற்காலி காலி. அம்மா தூரத்தில் பள்ளிக்கூட கேட்டில் நின்றிருந்தாள். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. முகத்தைச் சாலைப் பக்கம் வைத்திருந்தாள். சீனக் குடும்பம் ஒன்று சைக்கிளில் அந்த வழியாகப் போனபோது கேட்டுக் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர்கள் திருப்பம் தாண்டும்வரை அப்படியே நின்றாள்.

மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்தால் அந்த வெள்ளைப் பிள்ளை யாருடையது என்று கேட்பார்கள், என் பிள்ளை என்று சொல்ல அவளுக்கு வெட்கம், அதனால்தான் அங்கே போய் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கோலை ஓங்கி ஓங்கித் தட்டினேன். இது எங்கள் பிள்ளை என்று யாராவது வந்து கேட்டால் உள்ளே விடக்கூடாது என்று ஒருத்தி வாசலில் நிற்பாள் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.